புகைக்காகக் காத்திருந்தது

கொம்பேறி மூக்கன் கடித்ததில் பூவலிங்கத்துக்குக் கால் மரத்தது. ஊரார் பேசிய பேச்சில் மீதி உடம்பும் மரத்துப்போனது.

"முதுகு வெண்கல நிறம், விலாவுல மஞ்சக் கோடா? விஷமே கிடையாதுய்யா. உங்க வீட்டு ரசத்துல அதைவிடக் காரம் இருக்கும்" என்று டாக்டர் சிரித்து அனுப்பிவிட்டார்.

ஆனால் பாம்பு வாசல் வேம்பின் உச்சியிலிருந்து சுடுகாட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. கடிபட்டவன் எரிகிற புகையைப் பார்த்தால்தான் அது இறங்கும் என்பது ஊருக்கே தெரியும்.

"பிள்ளைங்க வாசல்ல கால் வைக்க வேணாமா? அதுக்குப் புகைதானே வேணும், காட்டிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி செண்பகம்.

பூவலிங்கம் தன் வேட்டி சட்டைகளையும் ஒரு வண்டி வறட்டியையும் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்க் கொளுத்தினான். அந்தப் புகையில் ஜில்லாவே இருமியது. அவனுக்கு மட்டும் கண்கூடக் கரிக்கவில்லை.

திரும்பி வந்தபோது மரத்தில் பாம்பு இல்லை. பிணம் எடுத்த வீடு மாதிரி வீடு முழுக்கக் கழுவிவிட்டிருந்தார்கள். தலைக்குக் குளித்த ஈரத்தோடு செண்பகம் வாசலில் நின்றாள்.

"எறங்கிப் போயிடுச்சா?" என்று கேட்டான்.

அவள் அவன் தோளைத் தாண்டித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.