தூர தேசத்துத் தேர்தல்

“அம்மிணி, அந்தம்மா ஜெயிச்சுப்போட்டாங்க!” என்று கத்திக்கொண்டே லட்டுப் பெட்டியோடு வந்தார் மாதையன்.

ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு முதன்முறையாக ஒரு பெண் அதிபராகியிருக்கிறார். அதற்குத் திருச்செங்கோட்டில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது.

வெடிக்காதா பின்னே? ஊருக்கு ஊர் போர்வெல் போட்டுத் தருவேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்டவர் அவர். மாதையனின் மகன் இளஞ்செழியன் அங்கேதான், திருச்செங்கோட்டு ஓனர் ஒருவரின் போர்வெல் தோண்டும் ரிக் வண்டியில் வேலை பார்க்கிறான்.

“ஓனரே லட்டு குடுத்தனுப்புனாரு. இன்னும் ரெண்டு வருசத்துக்கு நம்ம பையனுக்கு அங்க வேலை இருக்குதாமா. இந்த எலெக்சனுக்காக நீ மலைக்கோயிலுக்கு நடந்து போயி வேண்டிக்கிட்டது பலிச்சிருச்சு, சாமி!”

மருமகள் பிரபா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார் பெரியவர்.

செல்போன் அடித்தது. “அவருதானுங்க மாமா” என்று உள்ளே ஓடினாள். ஒரு லட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போன மாதையன், கதவருகே நின்றுவிட்டார்.

“நான் வேண்டிக்கிட்டது தோத்தவருக்குங்க” என்று விம்மிக்கொண்டிருந்தாள் பிரபா. “அவரு வந்திருந்தா வேலை முடிஞ்சு, தை மாசமே நீங்க ஊட்டுக்கு வந்திருப்பீங்கல்ல?”

ஸ்பீக்கரில் அந்த ஊர் வெற்றி மேளச்சத்தத்துக்கு நடுவே அவன் குரல் வந்தது.

“அழுவாத புள்ள” என்றான் இளஞ்செழியன். “இங்க கோயிலா இருக்குது? சர்ச்சுல ஒரு மெழுகுவத்தி ஏத்திவெச்சு, நானும் அவருக்குத்தான் வேண்டிக்கிட்டேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லிராத. பாவம், சந்தோசமா இருப்பாரு.”

மாதையன் சத்தமில்லாமல் திரும்பி வந்து, லட்டைப் பெட்டியிலேயே வைத்து மூடினார்.