நாலு இடத்தில் நிற்கும் லோரி

ஞாயிற்றுக்கிழமை தேயிலை எஸ்டேட் லோரி மலையிலிருந்து தாப்பா டவுனுக்கு இறங்குவதற்குள் நாலு இடத்தில் நிற்கும். டிரைவர் சிங்காரம் இறங்குவார், பானெட்டைத் திறப்பார், ரேடியேட்டர் ஒழுகுது என்பார், டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடைப்பக்கம் போவார்.

பின்னால் இருக்கும் இருபது பேரும் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசுவது முன் சீட்டில் இருக்கும் கங்காணி நல்லுசாமி.

"ரிப்பேர் பண்ணித் தொலைலா சிங்காரம். மனுசன் எத்தன வாட்டி எறங்கி ஏறுறது?"

கத்திவிட்டு, முதல் ஆளாகப் புதருக்குப் பின்னால் போய்வருவதும் அவர்தான்.

அதற்குக் காரணம் தனக்கும் மனைவி பவளத்துக்கும் எஸ்டேட்டில் மருந்து கொடுக்கும் டிரஸர் ராதாகிருஷ்ணனுக்கும் மட்டும்தான் தெரியும் என்பது அவர் எண்ணம்.

தை மாதம் ஈப்போ ஆஸ்பத்திரியில் அவருக்குப் புரோஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. ஆள் பிழைத்துவிட்டார், சிறுநீர்தான் அடங்கவில்லை. இருமினால் சொட்டியது, சிரித்தால் நனைந்தது. நாற்பது பெண்களை அதட்டிக் கொழுந்து பறிக்க வைத்தவர், இடுப்பில் துணியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதார். தாப்பாவில் மகள் அம்சவல்லிக்குப் பிறந்த பிள்ளையைக்கூடப் பார்க்கப் போகமாட்டேன் என்றார்.

டிரஸர் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். சிறுநீரைப் பாதியில் நிறுத்துவது போல உள்ளே இறுக்க வேண்டும். பத்து எண்ணும்வரை பிடித்து, பிறகு விட வேண்டும். இப்படிப் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. மூச்சை மட்டும் அடக்கக் கூடாது.

பவளம் தோசை சுட்டுக்கொண்டே எண்ணுவாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கங்காணி வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் எண்ணுவார். ஆபரேஷனுக்குப் பிறகு மனிதர் சாமி பக்கம் திரும்பிவிட்டார் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, பேரன் ஆசையில் துணிந்து லோரியில் ஏறினார். ஒன்றரை மணி நேர மலைப்பாதை. நல்லவேளையாக லோரி பழுதாகி, வழியில் நாலு இடத்தில் நின்றது.

ஆடி மாதம் வந்தபோது இடுப்புத் துணி தேவைப்படவில்லை. நாலு இடத்திலும் இறங்காமல் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். லோரி மட்டும் நின்றுகொண்டே இருந்தது.

ஆட்கள் பொறுமை இழந்து, எஸ்டேட் ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் கிராணிக்குப் புகார் எழுதினார்கள். முதல் கையெழுத்து நல்லுசாமியுடையது.

புகார் எழுதியவர்கள் சுற்றி நிற்க, கிராணி ஆபீஸ் வாசலில் லோரியை நிறுத்தி, ஃபிட்டர் கருப்பையாவைப் பார்க்கச் சொன்னார். அவன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"ரேடியேட்டர் புதுசுங்கய்யா. தை மாசந்தான் மாத்துனோம். ஒரு சொட்டு ஒழுகல."

பிறகு ஏன் நிறுத்தினாய் என்று கிராணி மூன்று தடவை கேட்டார். தப்புத்தான் என்பதற்கு மேல் சிங்காரம் வாய் திறக்கவில்லை. நாளையிலிருந்து லோரியை வேறு ஆள் ஓட்டுவான், நீ புல்வெட்டப் போ என்று சொல்லிவிட்டு, சாவியைக் கொண்டுவரச் சொல்லிக் கிராணி உள்ளே போனார்.

சாவியோடு போன சிங்காரம் நல்லுசாமியின் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ஆஸ்பத்திரிலேருந்து ஒங்கள ஏத்திட்டு வந்த அன்னிக்கே சீட்டு நனைஞ்சிருந்துச்சுண்ணே. இப்ப நல்லாயிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் நிப்பாட்டியிருக்க மாட்டேனே."

இருபது பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நல்லுசாமி சிங்காரத்தின் கையைப் பிடித்துக் கிராணியின் மேசைவரை கூட்டிக்கொண்டு போனார். வாசலில் நின்ற கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"லோரி ஒழுகலைங்கய்யா. ஒழுகுனது நான்."