பொறுமையான குரல்

செழியன் பல் துலக்கினான், பாலைக் காய்ச்சினான், காபியோடு மேசை முன் உட்கார்ந்தான். பயிற்சிக் கருவியைப் போட்டதும், போன வருடம் விபத்தில் இறந்துபோன அவன் மனைவி அகிலாவின் குரல் வந்தது. மேற்படிப்புத் தேர்வுக்கான ஆங்கிலச் சொற்களை இப்போது எல்லோரும் தங்களுக்குப் பிடித்தவர் குரலில் கருவியைப் பேசவைத்துத்தான் படிக்கிறார்கள்.

“‘ஆப்டுரேட்’ என்றால் என்ன, செழியன்?”

‘பிடிவாதமான’ என்று அவனுக்குத் தெரியும்.

“கத்தரிக்காய்” என்றான்.

“பரவாயில்லை, செழியன். நல்ல முயற்சி.”

அகிலா உயிரோடு இருந்தவரை யாரிடமும் பரவாயில்லை என்று சொன்னதில்லை.

“திட்டுடி.”

“உங்களை ஊக்கப்படுத்தவே நான் இருக்கிறேன்.”

அடுத்து வந்த சொற்களுக்கும் கத்தரிக்காய் என்றே சொன்னான். மதிப்பெண் சரிந்துகொண்டே போனது. பயிற்சியை இப்படியே வீணாக்கினால் ஞாயிற்றுக்கிழமை தேர்வில் தேறப்போவதில்லை.

“கோவமே வராதா உனக்கு?”

மேசையில் ஓங்கிக் குத்தினான். காபி கொட்டியது.

“பரவாயில்லை, செழியன்.”

கருவியை அணைத்தான். விபத்து நடந்த அன்று, மீன் வாங்க ஸ்கூட்டர் சாவியோடு கிளம்பிய அகிலா வாசலில் நின்று கடைசியாகச் சொன்னது வேறு.

“டேய், வந்து சொல்லுக்கெல்லாம் அர்த்தம் கேப்பேன். ஒண்ணு தப்பாச் சொன்னாலும் உனக்கு முள்ளு மட்டும்தான்.”