கோணல் கால்

வெட்டும் இயந்திரத்திலிருந்து மூன்றாவது கிண்ணமும் பளபளவென்று, அழகாக, எதற்கும் உதவாமல் வந்து விழுந்தது.

"அக்கா, இதுவும் ஏறமாட்டீங்குது" என்றான் கவின். விபத்துக்குப் பிறகு முழங்காலுக்குக் கீழே மிஞ்சிய எலும்பு கோணலாகத்தான் கூடியிருந்தது. அந்த மிச்சக் காலைச் செருகிக்கொள்ள, தம்பியின் செயற்கைக் காலுக்கான கிண்ணத்தை அதே கோணலோடுதான் மிதுலா கணினியில் வரைந்திருந்தாள். ஆனால் வரைபடத்திலிருந்து வெட்டுப்பாதை போடும் மென்பொருள், அதைப் பிழையென்று எண்ணி ஒவ்வொரு முறையும் நேராக்கியது. அவளே பாதை போட்டுக் கொடுத்தாலோ இயந்திரம் ஏற்பதில்லை.

"உன்னைய ஆரு திருத்தச் சொன்னது? சொன்னதை வெட்டித் தொலையேன்!" என்று திரையில் ஓங்கி அறைந்தாள்.

கடைசியில் கவினின் காலையே ஸ்கேன் செய்து, 'கிண்ணம் இதற்குப் பொருந்தவில்லை. உடனே சரிசெய்' என்று எழுதி அனுப்பினாள்.

நொடியில் பதில் வந்தது: 'பிழை எங்கே என்று புரிந்தது. மன்னிக்கவும். புதிய வெட்டுப்பாதை தயார்.'

"அப்பாடா, ஒருவழியா புத்தி வந்துருச்சு" என்று சிரித்தான் கவின்.

மிதுலா சிரிக்கவில்லை. திரையில், வெட்டவேண்டிய பொருள் என்ற இடத்தில் எப்போதும் அலுமினியம் என்றிருக்கும். இப்போது எலும்பு என்றிருந்தது.