நூறாவது கட்டம்

நூறாவது நாள் பச்சை முளைக்கவில்லை.

மான்சிக் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி போனைப் பார்த்தார். புதிர்த் தளத்தில் மகன் ஊஜினின் பக்கம். தினம் ஒரு புதிருக்குக் கம்ப்யூட்டரில் நிரல் எழுதி விடை கண்டால் அன்றைய கட்டம் பச்சையாகும். தொண்ணூற்றொன்பது பச்சை. இன்றைக்கு வெள்ளை.

ஊஜின் பட்டாளப் பயிற்சிக்குப் போய் இருபத்தேழு நாள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால், “சாப்பிட்டேன்ப்பா, வெக்கிறேன்.” அவ்வளவுதான். கிளம்பிய அன்றும் அப்பனும் மகனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. “புதிர் போட்டா சோறு வருமாடா?” என்று இவர்தான் முந்தின நாள் கேட்டு வைத்தார்.

முகாமிலும் கம்ப்யூட்டர் இருக்கும்போல. தினம் காலை எட்டு மணிக்குள் பச்சை முளைத்துவிடும். பையன் எழுந்துவிட்டான், நன்றாக இருக்கிறான். அதைப் பார்த்த பிறகுதான் இவர் சலவைக்கடையைத் திறப்பார்.

இன்றைக்கு மணி மூன்று ஆகிவிட்டது. காய்ச்சலோ? காலைக் கீலை உடைத்துக்கொண்டானோ? கடையைச் சாத்திவிட்டு, மகனின் பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறினார்.

மகன் சேர்ந்திருந்த புதிர் கிளப் மூன்றாவது மாடியில். இரண்டே பேர் இருந்தார்கள். தலைவி சேரின். சான்ஹோ என்று ஒரு வாயாடி. சலவைக்கடைக்காரர், ஊஜினின் அப்பா என்று சொல்லி, இன்றைக்குப் பச்சை முளைக்காததைக் கேட்டார்.

“ஐயா, அங்க வாரநாள்ல போனையே கையில குடுக்க மாட்டாங்க. அப்புறம் தினம் எப்படிப் புதிர் போடுவான்?” சான்ஹோ சிரித்தான். “யாரோ அவன் பேர்ல போடறாங்க. நேத்துதான் கண்டுபிடிச்சுச் சத்தம் போட்டேன். இன்னிக்கு ஆள் கப்சிப்.”

“என் பையன் இல்லைன்னு நீ எப்படிச் சொல்றே?”

“அவன் போடற அழகு எங்களுக்குத் தெரியாதா? இப்ப உங்க கடைக்குத் தினம் சட்டை வருது. செவ்வாய்லேர்ந்து வெள்ளி வரைக்கும் மொத்தம் எத்தனைன்னு கேட்டா?”

“ஒவ்வொரு நாளா கூட்டுவேன்.”

“நாளை மாத்தி மாத்தி லட்சம் தடவை கேட்டா?”

“கேக்கறவனை வெளியே தள்ளுவேன்.”

“அதுக்குத்தான், அன்னன்னி வரைக்கும் ஆன மொத்தத்தை வரிசையா எழுதிக்கிட்டே வரணும். வெள்ளி வரைக்கும் ஆனதுல திங்கள் வரைக்கும் ஆனதைக் கழிச்சா விடை. ஒரே கழித்தல். ஊஜினுக்கு இது ஏறவே ஏறாது. ஒவ்வொரு கேள்விக்கும் முதல்லேர்ந்து கூட்டுவான். நேரம் தாண்டிடும். குட்டிக் குட்டிப் புதிரா பொறுக்கித்தான் எழுபத்து மூணு நாளை ஒப்பேத்தினான். அவன் போனப்புறம் பாருங்க, இருபத்தாறு நாளும் பெரிய புதிர். எல்லாத்துலயும் அந்த ஒரே கழித்தல். சுத்தம்!”

மான்சிக்கும் அப்படித்தான். நேற்று இருபத்தாறு என்று தெரிந்தும், காலண்டரில் விரலை வைத்து, மகன் போன நாளிலிருந்துதான் தினமும் எண்ணுகிறார்.

சுவரில் ஒரு பட்டியல். ஒரு நாள்கூடப் பச்சையைத் தவறவிடாதவர்கள். உச்சியில் தலைவியின் பெயர், எழுநூற்று நான்கு நாள். அடியில் ஊஜின். சான்ஹோ சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு அங்கே போனான்.

மான்சிக் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

“டேய்! பட்டாளத்துல இருக்கிறவன் பேர்மேல சிவப்பு மையா? செத்தவன் பேருக்குடா அது!”

“விடு, சான்ஹோ.” சேரின் அப்போதுதான் வாயைத் திறந்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அடுத்தவங்க பேர்ல போட்டா கிளப்பை விட்டு வெளியே. அது விதி. போட்டது யாருன்னு தெரியட்டும். அந்தப் பேரை அடிச்சுக்கலாம்.”

“சிவப்புலயா அக்கா?”

“சிவப்புலயே.”

கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டார் மான்சிக்.

வாசல் வரை போனவர் திரும்பினார்.

“ஏம்மா, என் பையன் போடலைன்னா போகட்டும். யாரோ ஒருத்தர் தினம் காலைல எழுந்ததும் அவனை நெனைச்சிருக்காங்க. என்னை மாதிரியே. ரொம்பத் திட்டாதீங்க.”

டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்த அவள் விரல்கள் நின்றன.

“ஆள் யாருன்னு தெரிஞ்சா கடைக்கு அனுப்பும்மா. அவனைப் பத்திப் பேசிக்கிட்டாவது இருக்கலாம்.”

பஸ் வரத் தாமதம். நிறுத்தத்தில் நின்றபடி, பழக்கதோஷம், போனைத் திறந்தார்.

நூறாவது கட்டம் பச்சை.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. மூன்று மாடியையும் படியேறி ஓடினார்.

“முளைச்சிருச்சு! முளைச்சிருச்சுடா!”

தலைவியின் நாற்காலி காலி. சான்ஹோ சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

“அந்தப் பொண்ணு எங்கடா?”

“இப்பத்தான் லிஃப்டுல இறங்கினாங்க. உங்க கடைக்குப் போறாங்களாம்.”

மான்சிக் சுவரைப் பார்த்தார். அடியில் மகன் பெயர் அப்படியே இருந்தது. உச்சியில், எழுநூற்று நான்கு நாளுக்கு எதிரே, ஒரு பெயரின்மேல் நீளமாகச் சிவப்புக் கோடு.

சேரின்.