ரோமாபுரிப் பெட்டி

பன்னீர் முகத்தில் விழுந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

வாசலில் பளிங்குப் பெட்டி. மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே பன்னீரும் ரோஜா இதழும் நிரப்பியிருந்தான் சித்தப்பா மகன் சபேசன். லத்தீன் எழுத்துகளின் மேல் சந்தனம், குங்குமம். செதுக்கியிருந்த பெண்முகத்துக்கு மல்லிகைச் சரம்.

கிரகப்பிரவேசம்.

புது வீடு. பழைய இடம்.

அவள் அப்பா நினைவு தப்பிக் கிடந்த வாரத்தில் இடம் சபேசன் பெயருக்கு மாறியது. காரியம் முடிந்த மறுநாளே வீடு இடிந்தது.

சபேசன் மைக்கைப் பிடித்தால் விடமாட்டான்.

ரோமாபுரி ராணியின் நகைப்பெட்டி என்றான். அங்கிருந்து ஓர் இத்தாலியப் பிரபு. பிரபு சூதாடித் தோற்றதில் ஓர் ஆங்கிலச் சீமான். சீமானின் பேரன் குன்னூருக்குத் தேயிலை போட வந்தபோது கூடவே கப்பலில். அந்தத் துரை மூட்டை கட்டிய நாளில் ஏலத்தில் எடுத்தவர் தாத்தா.

"இப்ப நான்" என்று நெஞ்சைத் தொட்டுக்கொண்டான்.

கைதட்டினார்கள்.

ராணி, நகை, இந்த இரண்டைத் தவிர எல்லாம் உண்மை.

எவனோ ஒரு ரோமாபுரிக்காரன், சின்ன வயதில் போய்விட்ட மனைவியை எரித்து, சாம்பலை வைக்கச் செய்த பெட்டி அது. விசாரித்துத் தெரிந்துகொண்ட அன்றே அப்பா அதைக் கொல்லைக் கோடிக்குக் கொண்டுபோய்விட்டார். தொட்டால் குளிப்பார். அமாவாசைக்கு முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்த கையோடு, வாயில் நுழையாத பெயர்கொண்ட அந்த மகராசிக்கும் ஒரு கை இறைப்பார்.

சபேசனின் லாரி வந்த அன்று அவள் பீரோவைக் கேட்கவில்லை. வெள்ளிப் பாத்திரத்தைக் கேட்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இத மட்டும் விட்டுடு தம்பி."

அவள் எதற்கு அழுகிறாளோ, அதை விட்டுவிட்டுப் போகிறவனா அவன்?

இப்போது ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக வந்து பெட்டியில் விரல் நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருவர் வழுக்கையில் தாராளமாகவே தடவிக்கொண்டார்.

அவள் எழுந்தாள். சாப்பிடவில்லை. தாம்பூலப் பை வாங்கவில்லை. யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லாமல் படியிறங்கினாள்.

மைக் இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"என்னக்கா, சொல்லிக்காமக் கெளம்பிட்ட? இதென்ன எழவு வீடா?"

ஒலிபெருக்கி அதைத் தெருக்கோடிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

சிரித்தார்கள்.

அவள் திரும்பவில்லை. கேட்டருகே கைகழுவும் குழாய். வாளி நிரம்பும்வரை காத்திருந்தாள். பட்டுப்புடவையோடு தலையில் ஊற்றிக்கொண்டாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

அத்தை, அவளுக்கும் அவனுக்கும் அத்தை, நாற்காலியில் இருந்தபடியே பெட்டியை உற்றுப் பார்த்தாள்.

"ஏண்டா சபேசா, இது எங்கண்ணன் எள்ளுத்தண்ணி எறச்ச பெட்டில்ல?"

மைக் அதையும் வாங்கிச் சொன்னது.

அத்தை செருப்பைத் தேடினாள். சொல்லிக்கொள்ளவில்லை.

அவளுக்குப் பின்னால் ஒருவர். அப்புறம் ஒரு குடும்பம்.

குழாயடியில் வரிசை சேர்ந்தது. வழுக்கைக்காரர்தான் முதலில் நின்றார்.

அப்பா போட்ட போர். தண்ணீருக்குக் குறைவில்லை.