அட்டை இல்லாத சிடி

ஒரு பாட்டைக்கூடக் கேட்காமல் படத்தின் ஆறு பாட்டுக்கும் மார்க் போடுகிற ஆள், சிவகாசியிலேயே சங்கிலிமுத்து ஒருத்தர்தான்.

சிடி டப்பாவுக்குள் செருகுகிற அட்டை, அவர் வேலை பார்க்கும் அச்சகத்தில்தான் அச்சாகும். வெட்டுகிறவர் அவர். பாட்டின் முதல் வரி, பாடியவர் பேர், ஓடுகிற நிமிஷம் எல்லாம் அட்டையிலேயே இருக்கும். மிச்சத்துக்கு வாய் இருக்கிறது.

வேலை முடிந்ததும் நேரே ஜெயச்சந்திரனின் கேசட் கடை. பேருக்குத்தான் கேசட் கடை, விற்பதெல்லாம் சிடி. சாயங்காலம் ஆனால் ஊர்ப் பாட்டுப் பைத்தியங்கள் அங்கே கூடிவிடும்.

"மூணாவது பாட்டு எப்படி மாமா?" என்பான் தீப்பெட்டிக் கம்பெனி செழியன்.

"அதுல வயலின் மட்டும் நாப்பது பேருலே. வாசிக்கும்போது ஒருத்தருக்குத் தும்மல் வந்துருச்சு. தாளத்துல தும்முனாரு, அதனால இருக்கட்டும்னு விட்டுட்டாங்க. ரெண்டாவது சரணத்துல உத்துக் கேளு."

"நானும் கேட்டேன், தும்மல் ஒண்ணும் வரலையே" என்பான் பாலகுரு.

"உன் ஸ்பீக்கருக்கு அந்தத் தும்மலைத் தாங்குற தெம்பு எங்கலே இருக்கு?"

கடை சிரிக்கும். யார் வாய் எம்புட்டு விரிகிறது என்று சங்கிலிமுத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்வார்.

பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால், அப்போது வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் பக்கத்து ஷெட் வெடித்தபோது இவர் மேல் ஒரு கீறல் இல்லை. இரண்டு காதும் மட்டும் போய்விட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. அச்சகத்தில் மெஷின் இரைச்சலுக்கு எல்லாருமே கையால்தான் பேசிக்கொள்வார்கள், அதனால் பிழைப்புக்குக் குறைவில்லை. வீட்டில் பேச ஆளே இல்லை. காரியாபட்டியில் கட்டிக்கொடுத்த மகள் சண்முகத்தாய் ஞாயிற்றுக்கிழமை போன் போடுவாள். சட்டைப் பையில் செல் நடுங்கும். எடுத்து, "நல்லா இருக்கேன் தாயி, சாப்பிட்டேன், வச்சிரட்டா" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுவார். அந்தப் பக்கம் அவள் சிரித்தாளா அழுதாளா, தெரியாது.

டீக்கடையில் நாலு பேர் கூடிப் பேசினால் ஒதுங்கிப் போவார். ஜெயச்சந்திரன் கடையில் அந்தப் பயம் இல்லை. இங்கே பேசுகிறவர் அவர். பேசுகிறவனின் காதை யார் சோதிக்கப் போகிறார்கள்?

விஷயம் தெரிந்தால் இந்த ஒரு ஸ்டூலும் போய்விடும். பாவம் என்று டீ வாங்கித் தருவார்கள். பாட்டு எப்படி என்று மட்டும் கேட்கமாட்டார்கள்.

அன்றைக்குப் பட்டாசு முதலாளி மகன் ஸ்ரீராம்குமார் மெட்ராஸிலிருந்து வந்திருந்தான். கையில் வெறும் சிடி. அட்டை கிடையாது. மேலே பேனாவால்கூட ஒன்றும் எழுதவில்லை.

"கம்ப்யூட்டர் கேமுக்குப் போட்ட மியூசிக் அண்ணாச்சி. பாடுறதே கிடையாது, வெறும் இசைதான். சினிமாவெல்லாம் இதுகிட்ட நிக்க முடியாது. கேட்டுட்டு நீங்க மார்க் போடுங்க."

நிறுத்தி நிறுத்திப் பேசினதால் உதட்டில் பிடிபட்டது.

"வார்த்தையே இல்லைன்னா குளிக்கும்போது என்னத்தலே பாட?" என்று பாலகுரு அவனை வம்புக்கு இழுத்தான்.

சங்கிலிமுத்து சிடியை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அட்டை இல்லாத சிடிக்கு எதை வைத்து அளப்பது?

மேற்குப் பார்த்த கடை. சாயங்கால வெயில் உள்ளே முழுசாக விழுந்து கிடந்தது. ஜெயச்சந்திரன் சிடியைத் தள்ளிப் பொத்தானை அமுக்கினார். சங்கிலிமுத்து எப்போதும்போல் பிளேயரைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தார். ஒரு முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை.

முந்திக்கொள்வதுதான் நல்லது.

"ஆகா, ஆரம்பமே ஆளைத் தூக்குதே" என்றார்.

ஸ்ரீராம்குமார் திகைத்து வாயைத் திறந்தான். ஜெயச்சந்திரனின் கை அவன் தோளில் விழுந்தது. செழியனின் விரல்கள் மேஜையில் தாளம் போடத் தொடங்கின. பாலகுரு கண்ணை மூடித் தலையை ஆட்டினான்.

சங்கிலிமுத்துவுக்கு உயிர் வந்தது.

"கேட்டியா, குதிரை வருது. நூறு குதிரை. அதுல ஒண்ணு நொண்டி, அதுக்குத் தனித் தாளம். இப்ப எல்லாம் ஆத்துல இறங்குது. கரையில ஒருத்தன் நின்னு புல்லாங்குழல் ஊதுறான். அவனுக்குன்னு யாரும் இல்லை. ஊதுறது அவனுக்கே கேக்கல, அம்புட்டு இரைச்சல். ஆனாலும் விடாம ஊதுறான்."

ஸ்ரீராம்குமாரின் கண் பிளேயருக்கும் அவருக்குமாக ஓடியது. பிறகு அவன் காலும் மெல்லத் தாளம் தட்டியது.

"அப்புறம் அண்ணாச்சி?"

"அப்புறம் என்ன, குதிரையெல்லாம் போயிருச்சு. இவன் மட்டும் நிக்கிறான்."

வேர்த்துக் கொட்டியது. பயத்தில் வந்த வேர்வை என்று நினைத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

அப்போது டியூப்லைட் இரண்டு தடவை சிமிட்டி எரிந்தது. தலைக்கு மேலே ஃபேன் மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. பிளேயரில் சிவப்பு எண்கள் முளைத்தன.

செழியனின் விரல்கள் அந்தரத்தில் நின்றன.

சிடியைப் போட்ட கையோடு போன கரண்ட், இப்போதுதான் வருகிறது. இவ்வளவு நேரமும் கடையில் பாட்டே ஓடவில்லை. ஓடாத பாட்டுக்கு நாலு பேரும் தலையாட்டியிருக்கிறார்கள். செழியனும் பாலகுருவும் தாளத்தில் சேர்ந்த வேகத்தைப் பார்த்தால், இது இன்றைக்குப் பழகினது இல்லை.

யாரும் அவரை நேருக்கு நேர் பார்க்கவில்லை. நாலு வருஷமாக அவர் வயிற்றில் கிடந்த பயம், இப்போது அந்த நாலு முகத்திலும் இருந்தது.

ஜெயச்சந்திரன் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி பொத்தானை அமுக்கினார்.

சங்கிலிமுத்து சுற்றுகிற ஃபேனை ஒரு தடவை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டாவது பாட்டு வந்துருச்சா?" என்றார். "இதுவும் பரவாயில்லை. ஆனா, முதப் பாட்டு மாதிரி வராதுலே."